வெட்டு நேரத்துக் கரண்டு

தம்பிமாரே, தங்கச்சிமாரே,

போன வாரம் உங்கள் பவர்ஹவுஸ் பக்கம் வந்தபோது, தேத்தண்ணி நேரத்தில் நீங்கள் போட்ட சண்டையைக் காது குளிரக் கேட்டேன். ஒரு பாதிப் பேர், "கரண்டு அரசாங்கத்துக் கையிலதான் இருக்கணும், தனியாருகிட்ட குடுத்தா ஏழை வீட்டுல வெளக்கு எரியாது" என்றீர்கள். மறுபாதி, "அரசாங்கம் தொட்டது எது வெளங்கியிருக்கு? தனியாருகிட்ட விட்டுட்டு ஒதுங்கட்டும்" என்றீர்கள். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க ரெண்டு பக்கமும் வேல செஞ்சவரு, நீங்களே சொல்லுங்க" என்று மாட்டிவிட்டீர்கள். நான் பிஸ்கட்டை வாயில் அடைத்துக்கொண்டு தப்பித்தேன்.

தப்பித்து வந்தேனே தவிர, வீட்டில் நிம்மதியாக இருக்க முடியவில்லை. நான் இரண்டு வீட்டிலும் உப்புத் தின்றவன். அரசாங்கக் கரண்டுக் கந்தோரில், அதாவது கரண்டு ஆபீசில், இளமை முழுவதும் போனது. மிச்சம் பூண்டுலோயாப் பக்கம் ஓர் ஆற்றில் சின்ன மெஷின் வைத்துக் கரண்டு எடுத்து அரசாங்கத்துக்கே விற்கும் ஒரு தனியார் கம்பனியில் போனது. இரண்டையும் திட்டத் தெரியும் எனக்கு. இரண்டையும் கும்பிடவும் தெரியும். வயதாக ஆகத் திட்டுவது குறைந்து கும்பிடுவது கூடிக்கொண்டு வருகிறது. இரத்த அழுத்தத்துக்கும் அதுதான் நல்லது என்று டாக்டர் சொல்கிறார். அதனால் பதில் என்று எதையும் சொல்லாமல், நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் அரசாங்கத்துக் கதை. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த என்னை, கம்பம் தூக்குகிற ஆளாக எடுத்துக்கொண்டது அரசாங்கக் கந்தோர். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துக்கு வெளியே வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு. ஒரு முறை கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு லைன் இழுக்கப் போனோம். ரோடு கிடையாது. கம்பத்தைத் தோளில் வைத்து, அட்டைக் கடியோடு, வழுக்கி விழுந்து எழும்பி ஏறினோம். மேலே இருந்தது நாலே அறை உள்ள ஒரே ஒரு லயம். எனக்கு எரிச்சலான எரிச்சல். எங்கள் போர்மேன், ஒரு சிங்களப் பெரியவர், பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். "மாத்தயா, இந்த நாலு காம்பராவுக்கு இழுத்து எவ்வளவு பில்லு வரப்போவுது?" என்று கேட்டேன். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தம்பி, பில்லைப் பார்த்தால் இந்த மலைக்கு ஒருத்தனும் வரமாட்டான். அதனால்தான் நம்மை அனுப்பியிருக்கிறார்கள்."

அன்று சாயந்தரம் அந்த லயத்தில் முதல் பல்பு எரிந்தது. ஒரு பெண் கண்ணை மூடிக் கும்பிட்டாள். கண்ணைத் திறந்தவள் சுவரைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "அடக் கடவுளே, இம்புட்டு ஒட்டடையிலயா இத்தன வருசம் குடும்பம் நடத்துனோம்!" என்று விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். எங்களுக்கு வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது. லாபம் பார்க்கிற கம்பனி எதுவும் அந்த மலைக்கு அன்றைக்கு ஏறியிருக்காது என்பதை நான் அடித்துச் சொல்வேன்.

அப்படியானால் அரசாங்கமே எல்லாம் செய்யட்டும் என்று யாராவது கையைத் தட்டுவதற்கு முன்னால் மற்றதையும் கேளுங்கள். அதே கந்தோரில் ஒரு சின்னச் சாமான் பழுதானால், அது வந்து சேர்வதற்குள் அதைக் கேட்டவனுக்கு இடமாற்றம் வந்துவிடும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பதற்கு அர்த்தம் எனக்கு அங்கேதான் விளங்கியது. தனியாருக்குப் போன முதல் மழைக்காலத்தில் எங்கள் மெஷினில் ஒரு பேரிங் உறுமத் தொடங்கியது. முதலாளி கண்டியில் கடை வைத்திருந்த குடும்பம். போனில் சொன்னேன். "போனை மெஷின் பக்கம் காட்டுங்க" என்றார். சத்தத்தைக் கேட்டார். "நிப்பாட்டுங்க" என்று வைத்துவிட்டார். விடிந்து பார்த்தால் வாசலில் வேன் நிற்கிறது. உள்ளே புதுப் பேரிங்கும், எங்களுக்குச் சுடச்சுட இடியப்பமும். எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. இப்படியும் ஒரு வேலை நடக்குமா என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஆக, நான் இரண்டு பக்கமும் நிற்பவன். இனி, அந்த இரண்டு பக்கமும் என் கழுத்தில் வந்து நின்ற நாளைச் சொல்கிறேன்.

வரிசை வருசத்தை மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. கரண்டு வெட்டுக்கு நேர அட்டவணை போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் பகலில் ஒரு வெட்டு, பொழுது சாய்ந்ததும் ஒரு வெட்டு. வெட்டு நேரத்தில் எங்கள் பவர்ஹவுஸும் நின்றுவிடும். அரசாங்க லைன் செத்தால் எங்கள் மெஷினும் தானாகவே சாக வேண்டும், அதுதான் விதி. செத்த லைனில் நாம் பாட்டுக்குக் கரண்டை விட்டால், அதில் வேலை செய்கிற அரசாங்க லைன்மேன் கருகிப்போவான். இது உங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

பாடம் சரி. ஆனால் அந்த வருசம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது, எங்கள் மெஷின் சும்மா நிற்கிறது. கூப்பிடு தூரத்தில் தோட்டத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, இருட்டில் கிடக்கிறது. அவர்களுடைய ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. பச்சைக் கொழுந்தை வாட்டுகிற மாடியில் காற்றாடி நின்றுவிட்டால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அது குப்பை. கொழுந்து குப்பையானால் தோட்டத்து மேனேஜர் தொரை மறுநாள் கொழுந்து பறிக்க மலைக்கு ஆள் அனுப்ப மாட்டார். மலைக்குப் போகாவிட்டால் பேர் கிடையாது. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அரிசி விற்ற விலைக்கு லயங்களில் மூன்று வேளையும் ரொட்டிதான். பேரும் போனால் அந்த ரொட்டியும் இல்லை.

அந்த நிலைமையில் ஒரு நாள் பகல் வெட்டு தொடங்கியதும், ஸ்டோர் வேலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் நனைந்துகொண்டு ஓடி வந்தார். "அண்ணே, மாடி நெறைய கொழுந்து கெடக்கு. கைய வச்சுப் பாத்தேன், சுடுது. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறோம். மெயின் லைனக் கழட்டிட்டு எங்க ஸ்டோருக்கு மட்டும் விடுங்கண்ணே!" என்றார். அவர் சொன்னது நடக்காத காரியம் இல்லை. தோட்டத்து லைன் அரசாங்க மெயின் லைனோடு சேருகிற கம்பத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் திறந்துவிட்டால் எங்கள் கரண்டு வெளியே போகாது, ஸ்டோரோடு நின்றுவிடும். அரசாங்க லைன்மேனுக்கும் ஆபத்தில்லை. மெஷின் தாங்கும். செய்யலாம்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவருக்கு அன்றைக்கு வந்த கோபம்! "தண்ணி ஆத்துல ஓடுது. மெஷின் நம்மளது. கொழுந்து தோட்டத்துது. நாமளும் தயார், அவங்களும் தயார். இதுல அரசாங்கத்துக்கு என்னய்யா வேல? போடுங்க, நான் பாத்துக்கிறேன்!" எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் பாதி நியாயமாகத்தான் படுகிறது.

ஆனாலும் அரசாங்கத்தில் ஊறிய உடம்பு. கேட்காமல் செய்ய மனசு வரவில்லை. எங்கள் பகுதிக் கந்தோரில் அப்போது ஓர் இஞ்சினியர் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். என் மகள் வயது. நான் "மிஸ்" என்பேன், அவர் "ஐயா" என்பார். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயா, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனா என்னால ஓம் எண்டு சொல்ல ஏலாது."

"மிஸ், மெயின் லைனக் கழட்டிட்டுத்தான் போடுவேன். உங்க ஆளு ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகாது. எங்க தோட்டத்து லைன்ல உங்க ஆளுங்க யாரும் இல்ல."

"என்ர ஆக்கள் இல்லைத்தான். உங்கட ஆக்கள்?"

எனக்கு எரிச்சல் வந்தது. டீமேக்கர் பக்கத்தில் நின்று கையைப் பிசைகிறார். "இந்த மழையில லைன்ல யாரு மிஸ் இருக்கப் போறா?" என்றேன்.

"எனக்குத் தெரியாது ஐயா. அதாலதான் கேக்கிறன். ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ. நான் போனை வைக்கேல்ல."

முணுமுணுத்துக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வளைவைத் தாண்டினதும் கத்திச் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். சரிவில் லைனை ஒட்டி நின்ற சவுக்கு மரத்தில் சிவனு ஏறி நின்று கிளை வெட்டுகிறான். எங்களுக்குப் பக்கத்து லயத்துக்காரன், கங்காணிக்கு வலது கை. ஒரு காலைக் கவட்டில் வைத்திருக்கிறான். மற்றக் காலை எதில் ஊன்றியிருக்கிறான் என்று பார்த்தேன். கம்பியில். கரண்டுக் கம்பியில்! கீழே அவன் பெண்சாதி லெச்சுமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இன்னும் ஏழெட்டுப் பெண்கள் விழுந்த மிலாறு, அதாவது சுள்ளி, பொறுக்குகிறார்கள்.

"டேய் சிவனு! எறங்குடா! எரும, எறங்குடா!" என்று கத்தினேன்.

அவன் பயப்படவேயில்லை. "என்னாண்ணே, இப்ப வெட்டு நேரந்தானே? காஸும் இல்ல, மண்ணெண்ணையும் இல்ல. நாங்க தெனமும் இந்த நேரத்துக்குத்தான் வெறகுக்கு வர்றோம். இந்தக் கம்பில கரண்டு இருந்தா ஏறுவமா?" என்றான்.

லெச்சுமி சிரித்தாள். "நீங்கதாண்ணே கரண்டுக்காரரு, நீங்களே இப்படிப் பயப்படுறீங்களே!"

தம்பிமாரே, நான் அப்படியே தேயிலைக்குள் உட்கார்ந்துவிட்டேன். யாருடைய பேரைக் காப்பாற்ற நான் சுவிட்சில் கை வைக்கப் போனேனோ, அந்த லெச்சுமியின் புருசன் அந்தக் கம்பியில் நிற்கிறான். அரசாங்கம் கரண்டு கொடுப்பதாகச் சொன்ன வார்த்தையை அந்த வருசம் யாரும் நம்பவில்லை. ஆனால் கரண்டு இருக்காது என்று சொன்ன வார்த்தையை இந்த ஜனம் நம்பி, அதன்மேல் காலை ஊன்றிக்கொண்டு நின்றது. அந்த அட்டவணைக்கு இப்படி ஓர் அர்த்தம் இருப்பது எங்கள் முதலாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது வெறும் வெட்டு இல்லை, லயத்து ஜனத்துக்கு விறகு நேரம்.

திரும்பி வந்து போனை எடுத்தேன். "மிஸ், ஆளு இருக்கு" என்றேன்.   "எல்லாரையும் இறக்குங்கோ ஐயா. நான் வாறன்" என்றார்.

அன்றைய கொழுந்தில் ஒரு பங்கு சிவந்துதான் போனது. அதை நான் மறைக்கவில்லை. டீமேக்கர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாளி போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஆனால் மிஸ் வந்தார். கந்தோர் ஜீப்புக்குப் பெற்றோல் இல்லை. பூண்டுலோயா வரை பஸ், அங்கிருந்து கொழுந்து லொறி, மிச்சம் நடை. இரண்டு லைன்மேன்களும் கூட வந்தார்கள். சேறு முழங்கால் வரைக்கும். வந்தவர் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, "ஏலாது எண்டு சொல்லுறது லேசு ஐயா. எப்பிடி ஏலும் எண்டு பாப்பம்" என்றார். முப்பது வயதுகூட ஆகாத பெண். என் சர்வீசில் நான் கேட்ட மிகப் பெரிய வார்த்தை அதுதான். அந்த வார்த்தைக்காக அவரை இன்றைக்கும் நினைத்துக் கும்பிடுகிறேன்.

வெட்டு நேரத்தில் மெயின் லைன் கம்பத்துச் சுவிட்சைத் திறந்து வைக்க அரசாங்கப் பூட்டைப் போட்டார்கள். லைனைத் தொட்டுக்கொண்டிருந்த கிளைகளை லைன்மேன்களே வெட்டி லயத்துக்குக் கொடுத்தார்கள். அடுத்து, எங்கள் பவர்ஹவுஸிலிருந்து லைனுக்குப் போகிற சுவிட்சுக்கும் ஒரு பூட்டுப் போட வேண்டும் என்றார் மிஸ். வெட்டு நேரத்தில் அந்தப் பூட்டைத் திறக்காமல் மெஷினைப் போட முடியாது. சாவி யாரிடம் இருப்பது? முதலாளி போனில், "நம்மகிட்டதான்" என்றார். லைன்மேன்கள், "கந்தோரில்தான்" என்றார்கள். மிஸ் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. "வெட்டு நேரத்தில இந்த மலையில ஆர் ஆர் நிக்கினம் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று கங்காணியைக் கேட்டார். "சிவனுதாங்க வெறகுக்குக் கூட்டிட்டுப் போறது" என்றார் கங்காணி.

"அப்ப திறப்பு சிவனுவிட்ட."

சிவனு இரண்டடி பின்னால் போனான். "ஐயையோ மிஸ், எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதுங்க!"

"எழுதச் சொல்லேல்ல. எல்லாரும் இறங்கீட்டினமோ எண்டு பாத்திட்டுத் திறக்கச் சொல்லுறன். அதை உங்களைவிட ஆரும் செய்ய ஏலாது."

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க ஜனம் முழுக்கக் கூடுகிற இடத்தில், மிஸ் முன்னால் நின்று பேசினார். "இனிமேல் வெட்டு நேரத்திலயும் இந்தக் கம்பியில கரண்டு வரும்" என்றார். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மிஸ்ஸு பேசுறது ரேடியோ மாதிரியே இருக்கு!" சிரிப்பு அடங்கியதும் லெச்சுமி கேட்டாள்: "அப்ப வெறகுக்கு நாங்க எங்க போறது?" மிஸ் கொஞ்சம் யோசித்தார். "முதல்ல விறகு. பிறகுதான் கரண்டு" என்றார். அப்படியே ஏற்பாடு ஆனது.

இதற்கு மேலிடத்து அனுமதி வர நாளாகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "பொறுப்பு என்ர, ஐயா" என்று சொல்லிவிட்டார். பிறகு அவரிடம் விளக்கம் கேட்டார்கள். அப்போது எங்கள் முதலாளி, அரசாங்கத்தைத் திட்டாமல் சாப்பிடாத அதே மனுசன், வரிசையில் நின்று பெற்றோல் அடித்துக் கொழும்புக்குப் போய், "அந்தப் பொண்ண ஒன்னும் சொல்லாதீங்க" என்று பேசிவிட்டு வந்தார். பூசாரியும் அந்த முறை வரம் கொடுத்தார்.

கொழும்பிலிருந்து திரும்பிய முதலாளி, ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு பகல் வெட்டுக்கு நேரிலேயே வந்தார். மிஸ்ஸும் வந்திருந்தார். மாடி நிறையக் கொழுந்து. டீமேக்கர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறார். மெஷின் தயார், தண்ணி தயார். சிவனுவைக் காணோம்.

"இன்னும் என்னய்யா?" என்றார் முதலாளி.

"சிவனு வரணுங்க."

"யாருய்யா அந்த சிவனு? என் மெஷின ஓட்ட நான் அவன்கிட்ட பர்மிசன் கேக்கணுமா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ், "நானும் கேக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் முதலாளியும் பக்கத்தில் உட்கார்ந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

ஒருவழியாகச் சிவனு சரிவில் இறங்கி வந்தான். பின்னால் விறகுக் கட்டுகளோடு பெண்கள். வாசலுக்கு வந்து, சாவியைக் கையில் எடுத்தவன், திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "லெச்சுமி எங்க?" என்றான். ஒருத்திக்கும் தெரியவில்லை. சாவியை மறுபடி இடுப்பில் சொருகிக்கொண்டு, எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மலையேறிவிட்டான். டீமேக்கர் தலையில் கை வைத்தார். முதலாளி குடையை விரித்து மிஸ்ஸுக்கும் சேர்த்துப் பிடித்தார்.

அரசாங்கமும் தனியாரும் ஒரே படிக்கட்டில், ஒரு குடையின் கீழே, ஒரு கொழுந்துக்காரி மலையிறங்கட்டும் என்று காத்திருந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். அப்படி ஒரு வேலையில் நானும் இருந்தேனே என்று இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். லெச்சுமி மூச்சு வாங்க, "மன்னிச்சுக்கங்க ஐயா, கட்டு அவுந்துருச்சு" என்றாள். முதலாளி எழுந்து ஒதுங்கி வழி விட்டார். "பரவால்லம்மா, வழுக்கும், பாத்துப் போங்க" என்றார்.

சிவனு பூட்டைத் திறந்தான். திறந்த பிறகும் வாசலுக்கு வந்து, மலையை ஒரு முறை முழுக்கப் பார்த்தான். பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சொன்னான்:

"இப்ப போடுங்க."